வெள்ளி நானோ சாக்ஸ்: நாற்றம் போகுமா, காசு போகுமா?

கேள்வி, ஏப்ரல் 14, 2024 (காரிமங்கலத்திலிருந்து ஒரு தம்பி)

"அண்ணா, ஒசூர்ல ஷிஃப்ட் வேலை. பஸ்ல போக வர நேரத்தையும் சேர்த்தா 12 மணி நேரம் சேஃப்டி ஷூ காலிலேயே கிடக்குது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டினா அம்மா உள்ளயே விடமாட்டேங்கறாங்க. பர்கூர்ல ஒரு கடையில 'வெள்ளி நானோ' சாக்ஸ்னு ஜோடி 180 ரூபாய் சொல்றாங்க. 99.9% கிருமி சாகும், 50 சலவை தாங்கும்னு அட்டையில போட்டிருக்கு. வெள்ளிக் குடத்துல தண்ணி கெடாதுன்னு எங்க பாட்டி சொல்லும். அதேதானே இது? ஆறு ஜோடி வாங்கிடலாமா?"

ஏப்ரல் 14, இரவு

ஆறு வேண்டாம் தம்பி, ஒன்று வாங்குங்கள். இங்கே கரண்ட் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. மீதி நாளைக்கு. பாட்டி சொன்னது பாதி சரி.

ஏப்ரல் 15

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு துணிப் பதனிடும் ஆலையில் 11 வருடம் லேபில் இருந்தேன். இப்போது கிருஷ்ணகிரியில் எட்டு தையல் மெஷின் போட்டு யூனிஃபார்ம் தைக்கிறேன். இந்த வெள்ளிச் சமாச்சாரத்தைக் கையால் கலக்கி, துணியில் ஏற்றி, கெடுத்தும் இருக்கிறேன். அந்தக் கதை பிறகு.

பாட்டியின் குடம். வெள்ளி உலோகம் சும்மா இருந்தால் கிருமியை ஒன்றும் செய்யாது. அதன் மேல்பரப்பு ஈரத்திலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்ஸிஜனேற்றமாகி வெள்ளி அயனியாகக் கரையும். அந்த அயனிதான் வேலைக்காரன். பாக்டீரியாவின் என்சைம்களில் கந்தகம் உள்ள இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும், செல் சவ்வைக் கெடுக்கும். கொலுசு போட்ட காலும் நாறுகிறதே என்று யாரும் கேட்கும் முன் நானே கேட்டுவிடுகிறேன். கொலுசில் வெள்ளி நிறைய, வெளியே தெரியும் பரப்பு கம்மி.

அங்கேதான் நானோ வருகிறது. ஒரு கிராம் வெள்ளியைக் கட்டியாக வைத்தால் மேல்பரப்பு ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். அதே ஒரு கிராமை 20 நானோமீட்டர் உருண்டைகளாக உடைத்தால் 28 சதுர மீட்டர், அதாவது 300 சதுர அடி. முக்கால் சென்ட் மனைக்குக் கொஞ்சம் குறைவு. பத்திரம் மட்டும்தான் பதிய முடியாது.

செய்முறை ஒன்றும் தேவரகசியம் இல்லை. சில்வர் நைட்ரேட் கரைசலில் சிட்ரேட்டோ போரோஹைட்ரைடோ போட்டு, அயனியைத் திரும்ப உலோக வெள்ளியாக்கினால் தெளிந்த தண்ணீர் மஞ்சளாக மாறும். வேப்பிலைச் சாற்றிலும் ஆகிறது. கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் என்று ஆளுக்கொரு இலையைப் பிடித்துக்கொள்வது இதற்குத்தான். 1889இலேயே கேரி லீ என்பவர் சிட்ரேட் வைத்து வெள்ளிக் கூழ்மம் (பொடித் துகள் மிதக்கும் கரைசல்) செய்து எழுதியிருக்கிறார். பொருள் பழசு, பெயர்தான் புதிது.

துணியில் ஏற்றுவது: கரைசலையும் பைண்டர் என்ற ஒட்டுப் பசையையும் தொட்டியில் கலந்து, துணியை முக்கி, பேடிங் மேங்கிள் ரோலரில் பிழிந்து, ஸ்டென்டர் என்ற உலர்த்தும் மெஷினில் காயவைத்து, 140, 150 டிகிரியில் கியூரிங், அதாவது சூட்டில் இறுகவைப்பது. இப்போது கணக்கு. நாங்கள் வாங்கிய சரக்கில் கிலோவுக்கு 1 கிராம் வெள்ளி. லிட்டருக்கு 20 கிராம் சரக்கு போடுவோம், ஆக லிட்டருக்கு 20 மில்லிகிராம் வெள்ளி. பிக்கப், அதாவது பிழிந்த பிறகு துணியில் தங்கும் கரைசல், துணி எடையில் 80%. அப்படியென்றால் சாக்ஸில் 16 மில்லிகிராம். கிராம் 90 ரூபாய் என்று வைத்தால் ஒரு ரூபாய் நாற்பது காசு. 180 ரூபாய் சாக்ஸில்!

ஏப்ரல் 16, காலை

தப்பு. பாலக்கோட்டில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டார். "16 மில்லிகிராம் ஒரு கிலோ துணிக்கு. சாக்ஸ் ஒரு கிலோவா இருக்கு உங்க ஊர்ல?" சரிதான் சார். ஒரு ஜோடி 50 கிராம் என்றால் 0.8 மில்லிகிராம்தான். நேற்று எழுதிய காசுக் கணக்கை அடித்துவிடுங்கள்.

ஏப்ரல் 16, சாயங்காலம்

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். சாக்ஸை யாரும் பேடிங்கில் ஓட்டமாட்டார்கள். அது துணித்தானுக்கு. சாக்ஸை மூட்டையாகக் கட்டி மெஷினில் கரைசலோடு சுற்றவிட்டு, ஹைட்ரோ என்ற சுழற்றிப் பிழியும் மெஷினில் பிழிந்து காயவைப்பார்கள். அளவு ஏறக்குறைய அதேதான் வரும். இது தவிர நூலாக நூற்பதற்கு முன்பே பாலியஸ்டர் உருகலில் வெள்ளியைக் கலப்பது ஒரு வகை, நைலான் நூலுக்கு வெள்ளி முலாம் பூசுவது இன்னொரு வகை. முலாம் நூலில் வெள்ளி பலமடங்கு இருக்கும், விலையும் அப்படித்தான். அட்டையில் மூன்றுக்கும் ஒரே பெயர்.

ஏப்ரல் 17

தம்பி ஒரு ஜோடி வாங்கிவிட்டாராம். போடும் முன் ஒரு ஏற்பாடு.

வியர்வைக்கு வாடை கிடையாது. பாதத்தில் இருக்கும் பாக்டீரியா வியர்வையிலும் செத்த தோலிலும் உள்ள புரதத் துணுக்கைத் தின்று அமிலமாக வெளிவிடுவதுதான் நாறுகிறது. பாதத்துக்கு முக்கியமானது ஐசோவலெரிக் அமிலம். முற்றிப்போன பாலாடைக்கட்டி வாடையும் அதுவே. ஆகவே பாக்டீரியா குறைந்தால் நாற்றம் குறைய வேண்டும். குறைகிறதா என்று மூக்கு சொல்லட்டும்.

இடது காலில் வெள்ளி சாக்ஸ், வலது காலில் சாதா. எப்போதும் அப்படியே, மாற்றக் கூடாது. ஷூவுக்குள்ளும் கிருமி குடியிருக்கிறது, மாற்றினால் கணக்கு கலங்கும். இரண்டும் கறுப்பு என்பதால் வெள்ளி சாக்ஸின் விளிம்பில் சிவப்பு நூலால் இரண்டு தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பக்கெட்டில் ஊறப்போடாதீர்கள், ஒன்றின் வெள்ளி இன்னொன்றில் ஏறும். ஒரு ஜோடியில் இரண்டு வெள்ளி சாக்ஸ் இருப்பதால் ஒன்றுவிட்டு ஒருநாள் முறை வைக்கலாம். முகர்ந்து பார்ப்பவருக்கு எது எது என்று சொல்லக் கூடாது.

முகர்வது யார் என்று கேட்டேன். "அம்மா"ன்னு பதில் வந்தது. பாவம் அந்த அம்மா.

ஏப்ரல் 20

நேற்று ஓட்டுப் போட்ட விரலைப் பாருங்கள். அந்த மையும் நம் கதைதான். அதில் இருப்பது சில்வர் நைட்ரேட். தோலின் உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாகி, வெளிச்சம் பட்டதும் கறுக்கிறது. மேல்தோல் உதிர்ந்து நகம் வளரும்வரை போகாது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் ஆலையில் செய்கிறார்கள்.

லேபில் கையுறை போடாமல் நைட்ரேட் ஊற்றி மூன்று விரல் இப்படிக் கறுத்ததுண்டு. அந்த வாரம் ஊரில் ஒரு கல்யாணம். "எத்தனை கள்ள ஓட்டு போட்டே மாப்ளே"ன்னு மாமா பந்தியிலேயே கேட்டார்.

ஏப்ரல் 22

சாக்ஸை எடை போட்டாகிவிட்டது. என் தராசு 5 கிராமுக்குக் கீழ் நம்பமுடியாது. அதே மாதிரி சாக்ஸ் ஒரு ஜோடி நானும் வாங்கி, தெரிந்த நகைக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் வைத்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்தார், சாக்ஸைப் பார்த்தார். "வெள்ளி இருக்குதுங்க இதுல" என்றேன். "அடகா, விற்பனையா?" என்றார்.

44 கிராம். ஆக ஒரு ஜோடியில் 0.7 மில்லிகிராம் வெள்ளி, நான் வேலை செய்த கணக்கில். ஆறு காசு.

இதை வைத்து மோசடி என்று சொல்லவில்லை. பதனிடும் கூலி, பைண்டர், பரிசோதனைக் கட்டணம் எல்லாம் இருக்கிறது. ஆறு காசு வெள்ளி வேலை செய்யாது என்றும் சொல்லவில்லை. செய்யும். எத்தனை நாள் என்பதுதான்.

ஏப்ரல் 23

99.9% எங்கிருந்து வருகிறது? துணிக்கு வழக்கமான அளவுச் சோதனை ஏஏடிசிசி 100 (ஏஏடிசிசி என்பது அமெரிக்கத் துணி வேதியியலாளர் சங்கம்). வட்டமாக வெட்டிய துணித்துண்டின்மேல் எண்ணிக்கை தெரிந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது க்ளெப்சியல்லா பாக்டீரியா கரைசலை ஊற்றி, 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து, உயிரோடிருப்பதை எண்ணுவது. ஒரு லட்சம் போட்டு நூறு மிஞ்சினால் 99.9. பொய் இல்லை. ஆனால் அது புதுத் துணி, ஈரமாக, 24 மணி நேரம். உங்கள் ஷூவுக்குள் அழுக்கும் உப்பும் புரதமும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். புரதத்தைக் கண்டால் வெள்ளி அயனி அதிலேயே ஒட்டிக்கொண்டு கிருமியை மறந்துவிடும்.

அதே சங்கத்தின் இன்னொரு சோதனை 147. தட்டில் கிருமியைக் கோடு கோடாக இழுத்து நடுவில் துணிப்பட்டை வைப்பது. துணியைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வளையம் தெரிந்தால் துணி கொடுத்த பார்ட்டிக்குப் பரம சந்தோஷம். அகலமாகத் தெரிந்தால் இன்னும் சந்தோஷம், போட்டோ எடுத்து அட்டையில் போடுவார்கள். எங்கள் லேப் இன்சார்ஜ் மட்டும் உதட்டைப் பிதுக்குவார். வளையம் அகலமாக இருக்கிறது என்றால் மருந்து துணியை விட்டு ஓடுகிறது என்று அர்த்தம். தட்டில் ஓடுவது வாஷிங் மெஷினிலும் ஓடும்.

இந்தப் பதிலில் நான் சொல்ல நினைத்ததே இதுதான். வேலை செய்யவேண்டுமென்றால் வெள்ளி கரைய வேண்டும். ஐம்பது சலவை தாங்கவேண்டுமென்றால் கரையக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடப்பதுதான் ஃபினிஷிங்காரன் பிழைப்பு.

மே 5

தம்பியின் முதல் அறிக்கை. ஒவ்வொரு வெள்ளி சாக்ஸும் ஐந்து அல்லது ஆறு சலவை கண்டிருக்கிறது. எது எது என்று தெரியாமலேயே அம்மா பதினோரு நாளில் ஒன்பது நாள் "இது தேவல" என்று சிவப்பு நூல் சாக்ஸைத்தான் காட்டியிருக்கிறார். மீதி இரண்டு நாள் "ரெண்டையும் கொண்டுபோய் எரி" என்று தீர்ப்பு.

ஒன்பதுக்கு இரண்டு! நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஏப்ரல் 14 அன்று கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது.

மே 6

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "எங்க போர் தண்ணி உப்பு. ஃபுளோரைடு வேற. அதுல துவைச்சா வெள்ளி என்னாகும்?"

நல்ல கேள்வி. தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடு தண்ணீரால் பல் கறைபட்டவர்கள் எத்தனை பேர், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் எதற்கு வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் வெள்ளிக்கு ஃபுளோரைடு எதிரி இல்லை. சில்வர் ஃபுளோரைடு தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரையும். குழந்தைகளின் சொத்தைப் பல்லில் தடவும் சில்வர் டயமைன் ஃபுளோரைடு இரண்டும் சேர்ந்ததுதான். சொத்தை பரவுவது நிற்கும், தடவிய இடம் கறுத்துப்போகும்.

எதிரி குளோரைடு. சில்வர் குளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம்கூடக் கரையாது. உப்புத் தண்ணீரிலும் வியர்வையிலும் குளோரைடு தாராளம், அயனி வெளியே வந்ததும் பிடித்துப் போட்டுவிடும்.

(அன்றைக்கே இரவு) அதற்காக அது செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கரைவது கம்மி என்றாலும் கரைகிறது, அந்தக் கொஞ்சமே பாக்டீரியாவுக்குப் போதும். வேண்டுமென்றே சில்வர் குளோரைடாகவே துணியில் ஏற்றும் சரக்கும் உண்டு. எதிரி என்று எழுதியது அதிகம். பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீரின் நிஜத் தொல்லை வேறு. சோப்பு நுரைக்காது, சோப்புக் கசடு துணியிலேயே படியும், கிருமிக்கு அது தீனி.

மே 12

எங்கேயோ போய்விட்டது பேச்சு. பட்டுப்புழு வளர்க்கும் நண்பர் ஒருவர், புழு மனையில் வெள்ளி நானோ வலை கட்டினால் நோய் வராதா என்கிறார். புழு வீங்கிப் பால் வடிகிற நோய் வைரஸால் வருவது, தழையோடு வயிற்றுக்குள் போகிறது. மேலே வலை கட்டி என்ன ஆகும்? பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போட்டு மனையைக் கழுவுங்கள், தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குப் போய்வந்த பையைத் தழை அறையில் வைக்காதீர்கள். வெள்ளியைக் கொலுசாக வாங்கி வீட்டம்மாவுக்குக் கொடுங்கள், அதில் பலன் நிச்சயம்.

இன்னொருவருக்கு: படர்தாமரைக்கு வெள்ளி உள்ளாடை மருந்து இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் இல்லை. தோல் டாக்டரைப் பாருங்கள்.

மே 19

நான் கெடுத்த கதை.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டுத் துணி, 600 மீட்டர், வெள்ளி ஃபினிஷ் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு இன்சார்ஜ் லீவு. நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். நல்லா வேலை செய்யட்டும் என்று லிட்டருக்கு 20 போடவேண்டிய இடத்தில் 60 கிராம் போட்டேன். தொட்டியில் கலக்கும்போது வெளிர் மஞ்சள், பழைய நெய் மாதிரி அழகாக இருந்தது. ஸ்டென்டரிலிருந்து துணி வெளியே வந்து விழ விழ, வெள்ளை இல்லை, சந்தன நிறம். ஓரத்தில் இன்னும் அடர்த்தி. சூட்டில் தீய்ந்துவிட்டது என்று ஆபரேட்டரைத் திட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஃபினிஷ் போடாத துணித்துண்டு ஒன்றை அதே சூட்டில் ஓட்டிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பால் வெள்ளை.

வெள்ளித் துகள் இத்தனை சிறிதானால் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா, நீல வெளிச்சத்தை விழுங்கும். மிச்சம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பழுப்பு, சாம்பல். தீய்ந்தது அல்ல, வெள்ளியின் சொந்த நிறமே அதுதான். இப்போது விவரமாக எழுதுகிறேன், அன்றைக்குத் தெரியவில்லை. 600 மீட்டரும் பிறகு அடர்நீலமாகச் சாயம் போட்டு வேறு ஆளுக்கு மலிவாகப் போனது. ஆபரேட்டரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

உங்கள் சாக்ஸ் ஏன் கறுப்பு என்று இப்போது புரிகிறதா?

மே 26

இரண்டாம் அறிக்கை. பதினான்கு சலவை. கடைசிப் பத்து நாளில் அம்மா சிவப்பு நூலைத் தேர்ந்தது ஐந்து தடவை. காசு சுண்டினாலும் அதே ஐந்துதான் வரும். ஐம்பது சலவை என்ற அட்டையை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மே 27

கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பியிடம் எப்படித் துவைத்தீர்கள் என்று மறுபடி கேட்டேன். நடுவில் ஒரு வாரம் அம்மா துவைத்திருக்கிறார், நாற்றம் போகட்டும் என்று வெள்ளைத்துணிக்கு ஊற்றுகிற பிளீச்சை ஒரு மூடி ஊற்றி. போச்சு. குளோரின் பிளீச் வெள்ளியை நேராக ஆக்ஸிஜனேற்றிக் குளோரைடாக்கிவிடும், பைண்டரையும் அரிக்கும். அட்டையின் பின்னால் "பிளீச் கூடாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாறுகிற சாக்ஸைப் பார்த்தால் நானும் அதைத்தான் ஊற்றுவேன்.

ஆகவே வெள்ளி தோற்றதா, பிளீச் தோற்கடித்ததா என்று இந்த ஜோடியை வைத்துச் சொல்லமுடியாது. நகைக்கடைக்குப் போய்வந்த என் ஜோடியை வெறும் சோப்பில் 15 தடவை துவைத்து நானே போட்டுப் பார்க்கப் போகிறேன். என் வீட்டில் முகர ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஜூன் 2

பாலக்கோட்டு ஆசிரியர் விடவில்லை. "கரைஞ்ச வெள்ளி எங்க போச்சு?"

2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பென், வெஸ்டர்ஹாஃப் என்ற இருவர் கடைச் சாக்ஸ் ஆறு வகையைத் தண்ணீரில் குலுக்கிப் பார்த்தார்கள். சில வகை நான்கு சலவைக்குள் வெள்ளியை ஏறக்குறைய முழுசாக இழந்தது, சில ஒரு சதவீதம்கூட விடவில்லை. அட்டையைப் பார்த்துச் சொல்லமுடியாது என்று நான் முனகுவது இதனால்தான்.

கரைந்தது சாக்கடைக்குப் போகும். அழுகிய முட்டை வாடை வரும் இடத்தில் கந்தகம் இருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் வெள்ளி பெரும்பாலும் சில்வர் சல்ஃபைடாக மாறிக் கசடோடு தங்கிவிடுகிறது, அது ஏறக்குறைய கரையாது. நம் சாக்கடை எத்தனை சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கிறது என்பது வேறு விஷயம். அயனியாகவே நேராக ஏரிக்குப் போனால் மீனுக்கும் தண்ணீர்ப் பூச்சிக்கும் விஷம்.

கிருமி பழகிவிடாதா என்றும் கேட்டார். பழகும். 1975இல் பாஸ்டனில் தீக்காயப் பிரிவு ஒன்றில் சில்வர் நைட்ரேட்டுக்கு அசையாத சால்மொனெல்லா வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். தீக்காயத்துக்கு இன்றும் சில்வர் சல்ஃபாடையாசின் களிம்பு தடவுகிறார்கள். அந்த மருந்தை என் பாத நாற்றத்துக்குச் செலவழிக்கலாமா என்று யோசித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 15 சலவை ஆரம்பித்துவிட்டேன். ஏழு ஆகிவிட்டது.

ஜூன் 16

மாங்கனி கண்காட்சி, பள்ளி யூனிஃபார்ம் ஆர்டர் இரண்டும் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்ததால் எழுதமுடியவில்லை. என் 15 சலவை முடிந்தது, பிளீச் இல்லாமல். ஆறு நாள் போட்டேன், முகர்ந்தது பேரன். நான்கு நாள் வெள்ளி தேவலை, இரண்டு நாள் வித்தியாசம் இல்லை. ஆறு நாளை வைத்து எதுவும் சொல்லமாட்டேன், ஆசிரியர் மறுபடி போன் போடுவார்.

தம்பி இதற்குள் வேறு வழி கண்டுவிட்டார். பழைய சேஃப்டி ஷூ ஒன்றைத் தைத்துச் சரிசெய்து, இரண்டு ஷூவையும் நாள் மாற்றிப் போடுகிறார். போடாததன் உள்ளட்டையை உருவி மொட்டைமாடி வெயிலில் வைக்கிறார். ஆறு ஜோடி சாதா பருத்தி சாக்ஸ், 240 ரூபாய். அம்மா வீட்டுக்குள் விடுகிறாராம்.

சிவப்பு நூல் சாக்ஸ் என்னாயிற்று என்று கேட்டேன். ஒன்று ஷூ துடைக்க. இன்னொன்றைக் கொடியிலிருந்து தெருநாய் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. மூன்று காசு வெள்ளி.